உடன்படிக்கையின் சொல்லும் பொருளும்: செசில் ஹர்ஸ்டின் பணிவாழ்க்கை

வகுப்பறையில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் மாணவர் அகராதியைப் புரட்டுவர். 1931ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், நெதர்லாந்தின் ஹேக் நகரில், நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் பதினைவர் ஓர் ஆவணத்தின் சில சொற்களுக்குப் பொருள் கூறினர். எண்மர் ஒரு பொருள் கொண்டனர். எழுவர் வேறு பொருள் கொண்டனர். அவ்வெழுவருள் ஒருவர் செசில் ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயர். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையே, முதலில் உடன்படிக்கைகளை எழுதுபவராகவும், பின்னர் அவற்றுக்குப் பொருள் காண்பவராகவும் பணியாற்றியவர் அவர். அவருடைய பணிவாழ்க்கையை மொழியியல் நோக்கில் நாம் இங்குக் காண்போம்.

1870இல் பிறந்த ஹர்ஸ்ட், கேம்பிரிட்ஜில் பயின்று 1893இல் வழக்கறிஞரானார். 1902இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சின் துணைச் சட்ட ஆலோசகராகவும், 1918இல் தலைமைச் சட்ட ஆலோசகராகவும் பொறுப்பேற்றார். நீதிமன்ற வழக்கறிஞரின் நோக்கம் தம் தரப்பை வெல்லச் செய்வது. உடன்படிக்கை எழுதுபவரின் நோக்கம் அதுவன்று. எதிர்த்தரப்பினரும் மனமொப்பிக் கையெழுத்திடும் சொல்லை அவர் தேடவேண்டும். அச்சொல் போதிய அளவு நெகிழ்ந்தும் இருத்தல் வேண்டும். பொருளற்றுப் போகாமலும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய வழியே ஹர்ஸ்ட் நடந்த வழி.

முதல் உலகப் போர் முடிந்தபின், பன்னாட்டுச் சங்கத்தை நிறுவும் உடன்படிக்கைக்கு வரைவு தேவைப்பட்டது. ஹர்ஸ்டும் அமெரிக்க வழக்கறிஞர் டேவிட் ஹண்டர் மில்லரும் இணைந்து ஒரு வரைவை உருவாக்கினர். 1919 பிப்ரவரியில், அமெரிக்க அதிபர் வில்சன் தலைமையில் பாரிசில் கூடிய குழு அதனையே அடிப்படையாகக் கொண்டு விவாதித்தது. பலருடைய திருத்தங்களுக்குப் பின் 26 பிரிவுகளுடன் உடன்படிக்கை நிறைவுற்றது.

அதன் பத்தாம் பிரிவை நோக்குவோம். உறுப்பு நாடுகளின் நிலப்பரப்பையும் அரசியல் சுதந்திரத்தையும் வெளித்தாக்குதலினின்று காப்பதாக எல்லா உறுப்பினரும் அதில் உறுதியேற்கின்றனர். இது வலிய வினை. ஆனால் தாக்குதல் நிகழ்ந்தால், அக்கடமையை நிறைவேற்றும் வழிகள் குறித்துச் சங்கத்தின் அவை 'அறிவுரை கூறும்' என்றே அடுத்த தொடர் அமைகிறது. 'ஆணையிடும்' என்று எழுதியிருந்தால் பல நாடுகள் கையெழுத்திட்டிருக்கமாட்டா. முதல் தொடர் தந்த உறுதியை இரண்டாம் தொடரின் வினைச்சொல் தளர்த்திவிட்டது.

மற்றொரு சிக்கலும் உண்டு. இக்கால ஆவணங்கள் பல, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சம அதிகாரம் உடையனவாக எழுதப்பட்டன. மூலம், பெயர்ப்பு என்னும் வேறுபாடு இல்லை, இரண்டும் மூலமே. இதன் விளைவை, பாலஸ்தீனத்தில் ஒரு கிரேக்கக் குடிமகன் பெற்றிருந்த தொழில் உரிமைகள் பற்றிய மாவ்ரொமாட்டிஸ் வழக்கில் (1924) காணலாம். பாலஸ்தீன ஆணையாட்சி ஆவணத்தின் ஆங்கில வடிவத்தில் 'கண்ட்ரோல்' என்றும், பிரெஞ்சு வடிவத்தில் 'கொந்த்ரோல்' என்றும் இருந்தது. ஒரே வேரினின்று வந்த சொற்களே எனினும் பொருட்பரப்பு ஒன்றன்று. ஆங்கிலச் சொல் நம் 'கட்டுப்பாடு' போன்றது. பிரெஞ்சுச் சொல்லோ 'மேற்பார்வை', 'சரிபார்ப்பு' வரை விரியும். இரு வடிவங்களுக்கும் சம அதிகாரம் இருந்து, ஒன்று மற்றதைவிட விரிந்த பொருள் தருமாயின், இரண்டோடும் பொருந்தும் குறுகிய பொருளையே கொள்ளவேண்டும் என நீதிமன்றம் முடிவு செய்தது.

1925இல் ஹர்ஸ்டின் திறம் மீண்டும் தேவைப்பட்டது. ஜெர்மனியின் மேற்கு எல்லையை உறுதிசெய்யும் லொகார்னோ உடன்படிக்கையின் வாசகத்தைச் செப்பனிட, அவர் பிரான்சின் ஃப்ரோமாஷோவுடனும் ஜெர்மனியின் காவுஸுடனும் லண்டனில் அமர்ந்தார். 1929இல் ஹர்ஸ்டும் ஃப்ரோமாஷோவும் ஹேக் நீதிமன்றத்தின் நீதிபதிகளாயினர். சொற்களை ஒன்றாகத் தேர்ந்த இருவர், இப்பொழுது பிறர் எழுதிய சொற்களைப் படிக்கும் இடத்திற்கு வந்தனர்.

1931இல் ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் சுங்க ஒன்றியம் அமைக்கத் திட்டமிட்டன. தன் பொருளாதாரச் சுதந்திரத்தை அச்சுறுத்தக்கூடிய தனிச் சலுகை எதனையும் எந்நாட்டுக்கும் வழங்குவதில்லை என்று 1922இல் ஆஸ்திரியா வாக்களித்திருந்தது. 'அச்சுறுத்தக்கூடிய' என்பதற்கு எல்லை யாது? அவ்வாறு நேரக்கூடும் என்பதே போதும் எனப் பெரும்பான்மையினர் கருதினர். ஃப்ரோமாஷோ அவர்களுடன் நின்றார். அச்சுறுத்தல் உண்டு என்பதற்குச் சான்று வேண்டும் என்றனர் ஹர்ஸ்ட் உள்ளிட்ட எழுவர். லொகார்னோவில் ஒரே மேசையில் எழுதிய இருவரும் ஒரே தொடரை இருவேறாகப் படித்தனர். இதற்கிடையில், கருத்துரை வெளிவருவதற்கு இரண்டு நாள் முன்னரே, நிதி நெருக்கடியாலும் பிற அரசுகளின் அழுத்தத்தாலும் இரு நாடுகளும் திட்டத்தைக் கைவிட்டிருந்தன.

1934 முதல் 1936 வரை ஹர்ஸ்ட் அந்நீதிமன்றத்தின் தலைவராக விளங்கினார். அவர் தலைமைப் பொறுப்பில் இருந்தபோதே, 1936 மார்ச் 7ஆம் நாள், ஹிட்லரின் படை ரைன்லாந்தினுள் நுழைந்தது. 'அப்பட்டமான மீறல்' நிகழ்ந்தால் உடனே உதவுவதாக லொகார்னோவில் கையெழுத்திட்ட நாடுகள் உறுதியளித்திருந்தன. ஆனால் உடனடி நடவடிக்கை தேவை என்பதில் ஒவ்வொரு நாடும் தானே மனநிறைவு அடைந்த பின்னரே கடமை எழும் என்னும் தொடரும் அங்கிருந்தது. ஜெர்மனி உடன்படிக்கையை மீறியது எனச் சங்கத்தின் அவை அறிவித்தது. படை எதுவும் புறப்படவில்லை. ஈராண்டில் ஆஸ்திரியாவின் சுதந்திரமும் முடிந்தது. அப்பொழுது சொற்பொருள் ஆராய யாரும் எவரையும் கேட்கவில்லை.

ஆயின் சொற்கள் வீணா? அவ்வாறு நாம் கருதவில்லை. துணிவு இல்லாத அரசுக்கு எத்துணைத் தெளிவான சொல்லும் துணிவைத் தராது. ஆனால் நெகிழ்ந்த சொல், துணிவின்மைக்கு நல்லதொரு சாக்கைத் தருகிறது. இன்றைய கையெழுத்துக்காக நெகிழ்த்திய இடமே நாளைய வழக்காகிறது என்பதற்கு ஹர்ஸ்டின் காலம் சான்று.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். பன்மொழி வழங்கும் நம் நாட்டில் மாணவர் நாள்தோறும் ஒரே அறிவிப்பைப் பல மொழிகளில் காண்கின்றனர். ஓர் அறிவிப்பின் இரு மொழி வடிவங்களை அவர்களிடம் தந்து, எந்தச் சொல் விரிந்தது, எது குறுகியது, இரண்டுக்கும் பொதுவான பொருள் யாது என வினவலாம். ஹேக் நகரில் நீதிபதிகள் செய்ததும் இதுவே.