எச்சரிக்கைத் திரையில் மேல்வரிசையும் தெரிய வேண்டும்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்த மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, குடியிருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவுறுத்தியிருந்தது. மாற்றுக் காணி இல்லாத மக்களிடம் வெளியேறச் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. 2023 மார்ச்சில் பூணாகலை கபரகலை தோட்டத்திலும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தின் பல இடங்களிலும் மண் சரிந்தது.

மீரியபெத்தைக்குப் பிந்திய இந்தப் பத்தாண்டில் போன் எல்லா லயன்களுக்கும் வந்துவிட்டது. எச்சரிக்கையும் இப்போது அதன் வழியாக வருகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று படிகள், மூன்று நிறங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழையைத் தாண்டினால் விழிப்பாக இருக்கச் சொல்லும் மஞ்சள். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகச் சொல்லும் செம்மஞ்சள். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேறச் சொல்லும் சிவப்பு.

இந்த நிறங்களைக் காட்டும் செயலி ஒன்றை நம் இளைஞர்கள் உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். திரை முழுவதும் மஞ்சள், அடுத்தது செம்மஞ்சள், அடுத்தது சிவப்பு. அழகாகத்தான் இருக்கும். ஆனால் திரையின் உச்சியில் நேரம், சிக்னல், பெட்டரி ஆகியவற்றைக் காட்டும் மெல்லிய வரிசை ஒன்று உண்டு. ஸ்டேட்டஸ் பார் எனப்படும் அந்த வரிசையைச் செயலி எழுதுபவர்கள் பெரும்பாலும் கடைசியாகத்தான் நினைப்பார்கள்.

மழை கொட்டும் இரவில், கரண்ட் போன வீட்டில், அந்த வரிசைதான் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்கிறது. எச்சரிக்கை வந்து எவ்வளவு நேரமாகிறது? அடுத்தது வந்துசேர சிக்னல் இருக்கிறதா? விடியும்வரை சார்ஜ் நிற்குமா? மஞ்சள் பின்னணியில் இந்த எழுத்துகள் வெள்ளையாக இருந்தால் மூன்றுமே மறைந்துவிடும்.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். வெளிர்மைக்கும் கருமைக்கும் இடையிலான வேறுபாட்டை விகிதமாகச் சொல்லும் உலக நெறிமுறை ஒன்று இருக்கிறது. சிறு எழுத்துக்கு அது 4.5 வேண்டும், குறியீடுகளுக்கு 3 வேண்டும் என்கிறது. தூய மஞ்சளில் வெள்ளைக்குக் கிடைப்பது 1.07, அதாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. கறுப்புக்கு 19.6. வழக்கமான செம்மஞ்சளில் வெள்ளைக்கு 2கூட வராது, கறுப்புக்கு 10.6. தூய சிவப்பில் வெள்ளைக்கு 4, கறுப்புக்கு 5.25. சிவப்பைச் சற்றுக் கருக்கினால் வெள்ளை எழுத்தும் 4.5ஐத் தாண்டிவிடும். ஆகவே மஞ்சளிலும் செம்மஞ்சளிலும் கறுப்புக் குறிகள், கருஞ்சிவப்பில் வெள்ளைக் குறிகள் என்று ஒவ்வொரு திரையும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும்.

ஐபோனில் 2013இல் வந்த ஐஓஎஸ் 7இலிருந்தே ஒவ்வொரு திரையும் தன் மேல்வரிசையின் நிறத்தைச் சொல்ல இடமுண்டு. 'ப்ரிஃபர்ட் ஸ்டேட்டஸ் பார் ஸ்டைல்' என்ற பண்பில் அதை எழுதினால் போதும். ஆனால் புதியவர்கள் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நிறத்தைச் சரியாக எழுதியிருப்பார்கள், திரையில் எதுவும் மாறாது. காரணம், பல திரைகளைத் தனக்குள் வைத்து மாற்றும் நேவிகேஷன் கண்ட்ரோலர் என்ற தாய்க்குள் அந்தத் திரை இருந்தால் ஐஓஎஸ் அந்தத் தாயிடம்தான் கேட்கிறது, உள்ளே இருக்கும் பிள்ளையிடம் கேட்பதில்லை. மேலே தெரியும் திரையின் சொல்லைக் கேட்கும்படி தாய்க்கு வழி சொல்லிவிட வேண்டும். எச்சரிக்கை திடீரென்று மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறினால், வரிசையைப் புதுப்பிக்கும்படி ஐஓஎஸ்ஸுக்கு மறுபடி அறிவிக்கவும் வேண்டும்.

நம் பகுதியில் கூடுதலாகப் புழங்கும் அண்ட்ரொய்டில் சிக்கல் வேறு விதம். அங்கே நிறத்தின் தீர்மானம் சாளரம் முழுவதற்கும் உரியது. ஒரே சாளரத்துக்குள் பல திரைகள் மாறி மாறி வரும் செயலியில், மஞ்சள் திரை வைத்த கறுப்புக் குறிகள் அடுத்து வரும் கருஞ்சிவப்புத் திரையிலும் அப்படியே தங்கிவிடும். ஒவ்வொரு திரையும் முன்வரும்போது தன் நிறத்தைத் தானே மறுபடி வைக்க வேண்டும். இன்னொரு குழப்பமும் உண்டு. அண்ட்ரொய்டில் 'லைட்' என்று அமைத்தால் பின்னணி வெளிர் என்று பொருள், குறிகள் கறுப்பாகும். ஐபோனில் 'லைட்' என்றால் குறிகளே வெள்ளையாகும். இரண்டுக்கும் சேர்த்து எழுதுபவர் இதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பழைய போன்களையும் மறக்கக்கூடாது. கறுப்புக் குறிகள் அண்ட்ரொய்டுக்கு வந்தது 2015இல், 6ஆம் பதிப்பில்தான். அண்ணன் கொழும்பிலிருந்து கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போன போனில் 5ஆம் பதிப்பு இருந்தால் குறிகள் எப்போதும் வெள்ளைதான். அங்கே மேல்வரிசையின் பின்னணியையே கருமையாக்க வேண்டும். புதிய போன்களில் நிலைமை தலைகீழ். 2024இல் வந்த 15ஆம் பதிப்புக்கென எழுதும் செயலிகளுக்கு அங்கே மேல்வரிசை ஒளிபுகும் கண்ணாடிதான், தனி நிறம் கொடுத்தாலும் எடுபடாது. பின்னால் தெரிவது செயலியின் நிறமே. எச்சரிக்கைத் தலைப்பு அந்த வரிசைக்குள் போய்ச் சிக்காமல் இடம் விட்டு எழுத வேண்டும்.

மேல்வரிசையை முற்றாக மறைக்கவும் முடியும். படம் பார்க்கும் திரையில் மறைக்கட்டும். எச்சரிக்கைத் திரையில் மறைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நேரமும் பெட்டரியும் தெரியாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான்.

பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் இன்று நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் கணினி படிக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். எச்சரிக்கைச் செயலி எழுதினால் மூன்று நிறத் திரைகளையும் மலிவான பழைய போன் ஒன்றில், உச்சி வெயிலிலும் விளக்கணைத்த அறையிலும் திறந்து பாருங்கள். கண்ணாடி போடாத பாட்டி ஒருவரிடம் அதைக் கொடுத்து, இப்போது மணி எத்தனை, சார்ஜ் எவ்வளவு என்று கேளுங்கள். அவர் தடுமாறாமல் சொன்ன பிறகே அதை மக்களிடம் கொடுங்கள்.