வெளிப்படுத்தலின் சரக்குப் பட்டியலும் கொங்கு நாட்டு வெள்ளிக்காசும்

வெளிப்படுத்தின விசேஷம் 18-ஆம் அதிகாரம் 12, 13-ஆம் வசனங்களில், வீழ்ந்துபோன மாநகருக்காக அழும் வர்த்தகரின் சரக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறப்படுகின்றன. ஆராதனையில் இப்பகுதியை வாசிப்போர் பெரும்பாலும் இதனை விரைந்து கடந்து, புலம்பலுக்குச் சென்றுவிடுவர். நாம் கற்ற வியாக்கியான நூல்களோ மேனாட்டில் எழுந்தவை. அவை ரோமாபுரியின் அங்காடியில் நின்றே இப்பட்டியலை நோக்குகின்றன. அதில் காணும் இரத்தினம், முத்து, யானைத்தந்தம் ஆகியவற்றை ரோமருக்கு அனுப்பிய நாடுகளுள் தமிழகம் முதன்மையானது. ஆகவே சரக்கு வந்திறங்கிய இடத்திலிருந்தன்றி, அது புறப்பட்ட இடத்திலிருந்து இப்பட்டியலை நோக்குவது நமக்குத் தகும். (மரக்கலங்களில் பெருமளவு ஏற்றப்பட்ட மிளகு இப்பட்டியலில் இடம்பெறாதது வியப்பே.)

முதலாவது காசைப்பற்றிக் கூறுவோம். நமது வேதப்புத்தகத்தில் 'பணம்' என்று மொழிபெயர்க்கப்பட்டிருப்பது ரோமரின் தெனாரியு என்னும் வெள்ளிக்காசு. திராட்சத்தோட்ட உவமையில் அது ஒரு நாட்கூலி. இயேசுவிடம் காட்டப்பட்ட வரிக்காசு திபேரியு இராயனின் தெனாரியுவாக இருந்திருக்கலாம் என்பது பலர் கொள்கை. அதன் ஒரு புறம் இராயனின் தலை. மறுபுறம் வீற்றிருக்கும் ஒரு பெண்ணுருவமும் 'பிரதான ஆசாரியன்' என்னும் பட்டமும். இதே அச்சுக் காசுகள் கொங்கு நாட்டுப் புதையல்களில் மிகுதியாய்க் கிடைத்துள்ளன. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் ஒரே புதையலில் 500-க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டன. அவை பெரும்பாலும் அகுஸ்து, திபேரியு ஆகிய இருவர் காலத்தவை. இயேசுவின் பிறப்பையும் பாடுகளையும் உள்ளடக்கிய இரு ஆட்சிகளின் காசுகள் நொய்யல் ஆற்றங்கரை மண்ணில் புதைந்து கிடந்தன என்றால், புதிய ஏற்பாட்டு வகுப்பில் அதைக் குறிப்பிடாமல் விடுவது நமக்குச் சரியாகத் தோன்றவில்லை.

இவ்வளவு வெள்ளி உள்நாட்டுக்கு வரக் காரணம் என்ன? மேலைக் கடற்கரையின் முசிறியில் இறங்கிய பொருள் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கிற்குள் நுழைந்து, கரூரைக் கடந்து கீழைக் கடற்கரை வரை செல்லும் பெருவழி ஒன்று இருந்தது. அவ்வழியருகே காங்கயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் வெட்டப்பட்டது. சென்னிமலைக்கு அண்மையில், நொய்யலின் வடகரையில் கொடுமணல் உள்ளது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனப்படும் ஊர் இதுவே என்பர். 1985 முதலாக அங்கு நடந்த அகழாய்வுகளில் மணிகளை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றிய பட்டறைகளும், இரும்பையும் எஃகையும் உருக்கிய உலைகளும், தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்பெயர் கீறப்பட்ட பானையோடுகளும் வெளிப்பட்டன. கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமக் காசுகளோடு, 'மாக்கோதை' என்னும் பெயருடன் சேர மன்னனின் தலையுருவம் பொறித்த வெள்ளிக்காசுகளும் கிடைத்தன. காசில் தன் முகத்தைப் பொறிக்கும் வழக்கத்தைச் சேரன் ரோமரிடம் கற்றான் போலும்.

நமது தருமபுரி இப்பெருவழிக்குச் சற்று வடக்கே, தொப்பூர்க் கணவாய்க்கு அப்பால், மைசூர் மேட்டுநிலத்திற்கு ஏறும் பாதையில் அமைந்தது. சங்ககாலத்தில் இது தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட கல்வெட்டு அவனை 'சதியபுதோ' எனக் குறிக்கிறது. அசோகனின் சாசனம் சோழர், பாண்டியர், சேரரோடு சேர்த்துக் கூறும் சதியபுத்திரர் யார் என்று நெடுங்காலம் நிலவிய ஐயம் அதனால் தீர்ந்தது. கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் அதியமானின் முன்னோர் என்பது புறநானூறு கூறும் செய்தி. இவர்களது செல்வம் தினைப்புனமும் ஆநிரையும் இரும்புமாகும். 2004 வரை நமது மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, இப்பொழுது கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் அறிவிக்கப்பட்டது. வெளிப்படுத்தலின் பட்டியலில் இரும்பும் உண்டு. சேரெஸ் நாட்டிலிருந்து வரும் இரும்பே சிறந்தது எனப் பிளினி எழுதியதைச் சிலர் சேரநாட்டிற்கு உரியதாக்குவர். சேரெஸ் என்பது சீனப் பக்கத்தாரையே பொதுவாகக் குறிப்பதால், அதனை மேடையில் உறுதியாகக் கூறாதிருப்பதே நலம். கரூரை ஆண்ட சேரர் மரபினன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்து அழித்தான். அவனது வெற்றியே பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துக்குப் பொருள்.

இவ்வாணிகத்தின் அளவை எண்ணிப் பார்ப்போம். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தர்த்தியுவைக் கவர்ந்துகொள்கிறது என்று பிளினி முறையிட்டார். நான்கு செஸ்தர்த்தியு ஒரு தெனாரியு; ஆகவே அது ஒரு கோடியே 25 லட்சம் நாட்கூலி. ஒருவன் ஆண்டில் 300 நாள் உழைப்பதாகக் கொண்டால், 41,000-க்கும் மேற்பட்ட கூலியாட்களின் ஓராண்டு ஊதியம். பிளினி மிகைப்படுத்தினார் என்று முன்னர்ச் சிலர் எண்ணினர். 1985-இல் வெளியிடப்பட்ட வியன்னா பப்பிருசு அவ்வெண்ணத்தை அசைத்தது. முசிறியிலிருந்து சென்ற எர்மபொல்லோன் என்னும் ஒரே மரக்கலத்தின் சரக்கு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்தர்த்தியு மதிப்புடையது என்று அதனால் அறிகிறோம். இறக்குமதியில் நாலில் ஒரு பங்கு அரசுக்கு வரி. அச்சரக்கில் யானைத்தந்தத்தோடு கங்கைப் பகுதி நளதமும் இருந்தது. பெத்தானியாவில் உடைக்கப்பட்ட பரணியில் இருந்ததும் நளதமே. அதன் விலையாகச் சொல்லப்பட்ட முந்நூறு பணம், மேற்கண்ட கணக்கின்படி, ஒரு கூலியாளின் ஓராண்டு உழைப்பு.

இனி, வந்த வெள்ளி எவரிடம் சென்றது என்னும் கேள்வி. இதுவே நமக்கு முக்கியமானது. சங்கப் பாடல்கள் காட்டும் சிற்றூர்ச் சந்தையில் உப்பிற்கு நெல்லும், மீனுக்குக் கள்ளும் மாற்றப்பட்டன; அங்கே காசுக்கு வேலை மிகக் குறைவு. ரோமக் காசுகளோ சில இடங்களில் நூற்றுக்கணக்காகக் குவிந்து கிடைக்கின்றன. அவை கைமாறும் நாணயமாக அன்றி, நிறுத்து வாங்கப்படும் உலோகமாகவே பெரிதும் கொள்ளப்பட்டன என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. புதுக்கோட்டையில் 1898-இல் கிடைத்த 501 பொற்காசுகளில் மிகப்பலவற்றில் இராயனின் முகத்தின்மேல் உளியால் வெட்டு விழுந்திருக்கிறது. அந்தச் சுரூபத்துக்கு இங்கே அதிகாரம் இல்லை, பொன்னுக்கே மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

படியூரில் கல் வெட்டியவனுக்கும் கொடுமணலில் உலையூதியவனுக்கும் கிடைத்த கூலி இன்னதென்று கூறும் எழுத்து எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. மன்னரும் வணிகரும் புலவரால் பாடப்பெற்றனர். இவர்களுடைய பட்டறையின் சாம்பலும் உடைந்த மணிகளும் மட்டும் மிஞ்சின. வெளிப்படுத்தலின் ஆசிரியர் தம் பட்டியலைப் பொன்னில் தொடங்கி மனுஷருடைய ஆத்துமாக்களில் முடிக்கிறார். விலைமதிப்புக் குறைந்துகொண்டே போகும் வரிசை இது என்று சில வியாக்கியானிகள் கூறுவர். நாம் அதற்கு இசையோம்: வாங்குவோன் கண்ணில் கடையாக நிற்பவரை வாசிப்போன் செவியில் கடைசியாக ஒலிக்கச் செய்வதே ஆசிரியரின் நோக்கம். பென்னாகரம், அரூர் வட்டங்களிலிருந்து நொய்யற்கரைத் திருப்பூரின் ஏற்றுமதிப் பின்னலாடைச் சாலைகளுக்கு வேலைக்குச் சென்றிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நம் சபைகளில் பலர் உண்டு. இந்த அதிகாரத்தை அவர்கள் முன் வாசிக்கும் குருவானவர், பட்டியலை அதன் கடைசிச் சொல்வரை நிறுத்தி வாசிப்பாராக.