'அவன்' இல்லாமலே ஆரோக்கிய பார்!



எங்கள் ஊர் விருத்தாசலத்தை 'பீங்கான் நகரம்' என்பார்கள். பொம்மை, அகல் விளக்கு என்று செய்கிற பட்டறைகள் இங்கே நிறைய. ஆயிரம் டிகிரியைத் தாண்டிச் சூடாகும் சூளைகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் சமையலறையில் 'அவன்' இருக்கிறதா என்றால், எங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு ஒன்பது வீட்டில் இல்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம், "அவன் இல்லாமலே பலகாரம் பண்ணலாங்க்கா" என்று சொல்லிக் கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்த என் மாமியார், "ஏம்மா, அவன் வேலைக்குத்தானே போயிருக்கான், வந்துடுவானே!" என்றாரே பார்க்கலாம்!

விஷயத்துக்கு வருகிறேன். இப்போது பிள்ளைகள் எல்லாம் கேட்பது பளபள காகிதத்தில் சுற்றிய 'எனர்ஜி பார்'. ஒன்று நாற்பது, ஐம்பது ரூபாய். தோழிகளே, வாங்குமுன் அந்த உறையின் பின்பக்கத்தைக் கொஞ்சம் படியுங்கள். எந்தப் பொருள் அதிகமோ அதைத்தான் முதலில் போடவேண்டும் என்பது விதி. முன்பக்கத்தில் பாதாம் படம் பெரிசாக இருக்கும். பின்பக்கத்தில் முதல் மூன்று பெயருக்குள் குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஏதாவது ஒன்று உட்கார்ந்திருந்தால், அது நிறையவே சேர்ந்திருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். எல்லா பாரும் அப்படி என்று சொல்லவில்லை. நல்லதும் இருக்கிறது. ஆனால் அந்த விலைக்கு வீட்டிலேயே ஒரு டப்பா நிறையச் செய்து விடலாம்.

அமெரிக்காவில் 'கிரனோலா பார்' கடைகளுக்கு வந்தது 1970களில்தான். நம் பாட்டிமார்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பே பொருவிளங்காய் உருண்டை, எள்ளுருண்டை, பொரி உருண்டை என்று பிடித்து வைத்தார்கள். தினை மாவில் தேன் விட்டுப் பிசைந்தால் அதுவும் அடுப்பில்லாத பார்தானே! கிரேக்க நாட்டில்கூட எள்ளும் தேனும் சேர்த்து 'பாஸ்தெலி' என்று வில்லை போடுகிறார்களாம். லோனாவாலா போனவர்கள் சிக்கி வாங்காமல் வருவதில்லை. நம் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கோ 2020ல் புவிசார் குறியீடே கிடைத்து விட்டது. நிலக்கடலையும் வெல்லமும், அவ்வளவுதான் சரக்கு. தாமிரபரணித் தண்ணீரும் அந்த ருசிக்கு ஒரு காரணம் என்பார்கள்.

தாமிரபரணி நமக்கு இல்லை. ஆனால் கடலை இருக்கிறது. எங்கள் பக்கம் நிலக்கடலையை 'மல்லாட்டை' என்போம். மணிலாக்கொட்டை என்பதுதான் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆனது. இங்குள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் நிலக்கடலை, முந்திரி ரகங்கள் உருவாக்குகிறார்கள். 'வி.ஆர்.ஐ.' என்று தொடங்கும் ரகம் எதையாவது உங்கள் ஊர் விவசாயி சொன்னால், அது எங்கள் ஊர்ப் பிள்ளை. அறுவடை சமயத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துப் பக்கம் போனால் மூட்டை மூட்டையாக மல்லாட்டை, எள், உளுந்து. பண்ருட்டி முந்திரியும் கூப்பிடு தூரம். முழு முந்திரி நமக்குக் கட்டாது. உடைசல் முந்திரி வாங்குங்கள், சத்தில் ஒரு குறையும் இல்லை.

முதலில் கடலை மிட்டாய். 300 கிராம் கடலைப் பருப்பு (மல்லாட்டைப் பருப்பைத்தான் சொல்கிறேன், சாம்பாருக்குப் போடும் கடலைப்பருப்பை எடுத்து விடாதீர்கள்!), 200 கிராம் வெல்லம். கடலையைச் சிறு தீயில் நிதானமாக வறுங்கள். அவசரப்பட்டால் தோல் கருகும், உள்ளே பச்சை வாடை அடிக்கும். இரண்டு கடலையை எடுத்து விரலால் நசுக்கினால் தோல் உதிர்ந்து 'பட்' என இரண்டாகப் பிளக்க வேண்டும். அதுதான் பதம். ஆறியதும் துணிப்பையில் போட்டுத் தேய்த்து, முறத்தில் புடைத்து விடுங்கள். வெல்லத்தில் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, அடிகனமான வாணலியில் காய்ச்ச வேண்டும். வடிகட்டாமல் விட்டால் மண் நறநறவென்று பல்லில் கடிபடும்.

பாகு பதம்தான் இதில் எல்லாமே. ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக் கொண்டு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். முதலில் கரைந்து போகும். அப்புறம் மெத்தென்று உருட்ட வரும்; அது உருண்டைக்கு ஆகும், பாருக்கு ஆகாது. இன்னும் இரண்டு மூன்று நிமிடம் காய்ந்ததும் சொட்டு கெட்டியாகி, எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரும், ஒடித்தால் கண்ணாடி மாதிரி உடையும். அப்போதே அடுப்பை அணைத்து விடுங்கள். ஒரு சிட்டிகை சுக்குப் பொடி, ஏலப்பொடி, கடலை எல்லாம் கொட்டிக் கிளறி, எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, எண்ணெய் தடவிய சப்பாத்திக் கட்டையால் ஒரே அழுத்து. சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டு விட வேண்டும். ஆறிய பிறகு கோடு போட நினைத்தால் சுத்தியல்தான் தேட வேண்டும். மெல்லிய பார் வேண்டுமானால் கால் பங்கு கடலையைக் குறைத்துப் பொட்டுக்கடலையும் எள்ளும் போடலாம்.

வெல்லம் வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சளைக் கண்டு மயங்காதீர்கள். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் சேர்ப்பதுண்டு. கொஞ்சம் கறுத்த வெல்லமே மேல்.

பாகு வைக்கப் பயப்படுகிறவர்களுக்கும், பல் பலமில்லாத பெரியவர்களுக்கும் இன்னொன்று. கொட்டை எடுத்த மெத்தென்ற பேரீச்சம்பழம் 200 கிராம், வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாகப் பொடித்த கடலை 100 கிராம், வறுத்த எள் 50 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம். பேரீச்சம்பழத்தை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி விழுதாக்கி, மற்றதைப் போட்டுக் கையாலேயே பிசையுங்கள். ஒட்டினால் உள்ளங்கையில் ஒரு துளி நெய். சதுர டிபன் டப்பாவில் வாழையிலை போட்டு அழுத்தி, இரண்டு மணி நேரம் கழித்து 16 துண்டு போட்டு விடலாம். அடுப்பு வேலை வறுப்பதோடு சரி.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு துண்டு 25 கிராம். சுமார் 100 கலோரி, 3 கிராம் புரதம். 'சர்க்கரையே போடாத பார்' என்று பெருமையாகச் சொல்லிக் கொள்ளலாம்தான். ஆனால் பேரீச்சம்பழத்தில் மூன்றில் இரண்டு பங்கு இனிப்பே. ஒரு துண்டுக்கு 8 கிராம் சர்க்கரை வந்து விடும். கடலை மிட்டாயில் அதே அளவுத் துண்டுக்கு 10 கிராம் வெல்லம். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை பாருங்கள்! ஆகவே சர்க்கரை நோய் உள்ள மாமனாருக்கு "இது பழம்தானே" என்று நாலு துண்டைத் தட்டில் வைத்து விடாதீர்கள். பிள்ளைகளுக்கும் ஒரு வேளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

அடுத்தது, எல்லாரும் லேசாக எடுத்துக் கொள்கிற ஒரு விஷயம். கடலையைப் பொறுக்குவது. சுருங்கியது, கறுத்தது, பச்சையாகப் பூஞ்சை பிடித்தது, கசப்பது எதையும் உள்ளே விடக்கூடாது. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்து விழுந்தன. என்ன நோய் என்றே தெரியாமல் திண்டாடி, கடைசியில் அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கில்தான் வினை என்று கண்டுபிடித்தார்கள். பூஞ்சை உண்டாக்கும் அந்த விஷத்துக்கு 'அஃப்ளடாக்சின்' என்று பெயர். கல்லீரலைக் கெடுப்பது. வறுத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், முழுசாகப் போகாது. "ரெண்டு சொத்தைதானே" என்று என் ஓரகத்தி சொல்வாள். அந்த இரண்டையும் சேர்த்துக் குப்பைக்கு அனுப்புவதுதான் சரி. கடைக்காரர் மலிவாகத் தருகிறார் என்று பழைய பருப்பை வாங்கவே வேண்டாம்.

இதையெல்லாம் நான் இவ்வளவு அக்கறையாகப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் என் மகள். பத்தாம் வகுப்பு. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும்போது முகம் வெளுத்து, படி ஏறினாலே மூச்சு வாங்கும். பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 9.2. குறைந்தது 12 இருக்க வேண்டுமாம். டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தெருவில் ஆளாளுக்கு யோசனை. "மாத்திரை சூடு, வயிற்றைப் புரட்டும். பேரீச்சம்பழமும் வெல்லமும் கொடு, தானா ஏறும்." இவரும் அதற்குத் தலையாட்டினார்.

நான் ஒப்புக் கொள்ளவில்லை. அந்த வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் அளவுக்கு இரும்புச்சத்து தேவை என்கிறது நம் நாட்டு உணவுப் பரிந்துரை. நான் செய்கிற பேரீச்சம்பழ பாரில் ஒரு துண்டுக்கு எவ்வளவு வரும்? சுமார் 1 மில்லிகிராம். அதிலும் பெரும்பங்கு எள்ளும் கடலையும் தருவது, பழம் அல்ல. குறைந்து போன ரத்தத்தை இதை வைத்தே ஏற்ற நினைத்தால் முப்பது துண்டு தின்ன வேண்டும்! மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, எலுமிச்சைச் சாற்றோடு கொடுத்தேன். வயிறு புரட்டியது உண்மைதான். டாக்டரம்மாவிடம் சொன்னதும் வேளையை மாற்றிக் கொடுத்தார். முதல் வாரத்துக்குப் பிறகு பழகி விட்டது. மூன்று மாதம் விடாமல் கொடுத்த பிறகு 11.6க்கு வந்திருக்கிறாள். பார் என்ன செய்தது என்றால், மத்தியானச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவே வெறும் வயிற்றோடு டியூஷனில் உட்காராமல் பார்த்துக் கொண்டது. அதுவே பெரிய உதவி இல்லையா? இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. பாதிப் பேருக்கு மேல்! பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்து பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிற பெண்களைப் பார்க்கிறேன். பதினொரு மணிக்கு ஒரு டீ, ஒரு பன். அதோடு சரி. டீ, காபியில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். எள்ளுருண்டையோ கடலை மிட்டாயோ சாப்பிட்டால் டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கூடவே ஒரு கொய்யாத் துண்டு, நெல்லிக்காய் கிடைத்தால் இன்னும் நல்லது. பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற மாத்திரையைப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் வழியில் தூக்கிப் போடுகிறார்களா என்பதையும் ஒரு கண் பாருங்கள்.

சில எச்சரிக்கைகள். நாலு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் அடைக்கும். பொடித்துப் போட்டதைக் கொடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதுவும் கூடவே கூடாது. கடலை சாப்பிட்டால் உதடு வீங்குகிற, தடிப்பு வருகிற பிள்ளைகள் உண்டு. பிறந்தநாளுக்கு வகுப்பில் கொடுத்து விடுவதானால் டீச்சரிடம் சொல்லி அனுப்புங்கள். பாகு காய்ச்சும்போது சின்னப் பிள்ளைகளைச் சமையலறைப் பக்கமே விடாதீர்கள். கொதிக்கிற தண்ணீரைவிட அதன் சூடு அதிகம், பட்டால் ஒட்டிக் கொள்ளும். பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். மை, பேஸ்ட் எதுவும் தடவ வேண்டாம். அப்புறம், எங்கள் ஊருக்கு வந்து ஆசையாக வண்ணத் தட்டு வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஷோகேஸில் வைப்பதற்கென்று செய்ததில் மிட்டாய் பரப்பாதீர்கள். சில வண்ணங்களில் ஈயம் இருக்கலாம். சாப்பாட்டுக்கென்று கேட்டு வாங்கியதில் மட்டும் வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கடலை மிட்டாய் பிசுபிசுக்கும். நன்றாக ஆறிய பின் எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, அடுக்குக்கு நடுவே வெண்ணெய்க் காகிதம் வைத்து இறுக மூடினால் இரண்டு மூன்று வாரம் மொறுமொறுப்புக் குறையாது. பேரீச்சம்பழ பார் வெளியில் ஒரு வாரம், ஃபிரிட்ஜில் இன்னும் கொஞ்ச நாள். காறல் வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டி விடுங்கள்.

எங்கள் சுயஉதவிக் குழுவில் இதை விற்றால் என்ன என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. நான் வாங்கிய விலைக்குக் கடலையும் வெல்லமும் சேர்ந்து அரைக் கிலோ மிட்டாய்க்கு 60 ரூபாய்க்குள் அடங்கியது. கேஸும் உழைப்பும் தனி. விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும், பொட்டலத்தின்மேல் சேர்த்த பொருள், தயாரித்த தேதி எல்லாம் போட வேண்டும் என்று விசாரித்ததில் தெரிந்தது. ஏற்கெனவே குழுவாகச் செய்து விற்கிற சகோதரிகள் யாராவது இருந்தால், மழைக்காலத்தில் பாகு இளகாமல் எப்படிப் பொட்டலம் போடுகிறீர்கள் என்று இதே பகுதிக்கு எழுதுங்களேன். காத்திருக்கிறோம்.

- ஒரு வாசகி, விருத்தாசலம்.