பெட்டியில் 6000, திரையில் 4800

புது ரேம் வாங்கிப் பொருத்தியாயிற்று. பெட்டியின் மேல் 6000 என்று போட்டிருக்கிறது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்துக்குப் போனால், வேகம் 4800 என்று காட்டுகிறது. கடைக்காரர் மேல் சந்தேகம் வருகிறது. யாரோ சொல்லிக்கொடுத்தபடி பயாஸுக்குள் போய் ஒன்றை மாற்றியதும் 6000 வந்துவிடுகிறது. ஆனால் அன்று மாலையே விளையாட்டின் நடுவில் படம் விட்டு விட்டு ஓடுகிறது. நீலத்திரையும் ஒருமுறை வந்துபோகிறது. இந்த ரேமைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாமா என்ற யோசனை எழுகிறது.

அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் குறை ரேமில் இருக்காது, அமைப்பில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பணம் தேவையில்லை, பொறுமை போதும்.

ஜொகூரில் இருப்பவர்களுக்கு இந்தப் பொறுமை இப்போது கூடுதலாகவே பலன் தரும். கூலாய், செடெனாக் பக்கம் தோட்ட நிலங்களாக இருந்த இடங்களில் தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. கூலாயில் உள்ள தன் தரவு மையப் பூங்காவில் என்விடியாவுடன் சேர்ந்து செயற்கை நுண்ணறிவுக் கட்டமைப்பை உருவாக்கப்போவதாக ஒய்டிஎல் குழுமம் 2023 டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட மையங்கள் உலகெங்கும் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளுடன் இணைக்கப்படும் எச்பிஎம் வகை நினைவகத்துக்கு, அதே கொள்ளளவுள்ள டிடிஆர்5 ரேமைவிடச் சுமார் 3 மடங்கு சிலிக்கான் வேஃபர் பிடிக்கும் என்பது நினைவகம் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் சொன்ன கணக்கு. 2025 இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. அந்த டிசம்பரில், பொதுமக்களுக்கு ரேம் விற்றுவந்த குரூசியல் வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. கையில் இருக்கும் ரேமை ஒழுங்காக ஓடவைப்பது இன்று ரிங்கிட் கணக்கில் லாபம்.

இரண்டு எண்ணும் உண்மை

ரேம் பலகையின் மேல் சிறியதாக ஒரு சில்லு இருக்கும். எஸ்பிடி என்பார்கள். அந்த ரேம் எந்த வேகத்தில், எந்த மின்னழுத்தத்தில் ஓடலாம் என்ற குறிப்பு அதில் எழுதப்பட்டிருக்கும். கணினி விழிக்கும்போது மதர்போர்டு அதைத்தான் முதலில் படிக்கிறது. அதில் இரண்டு விதமான குறிப்புகள் உண்டு. ஒன்று, ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த பொது வேகம். டிடிஆர்5க்கான தரத்தை அது 2020 ஜூலையில் வெளியிட்டது. 1.1 வோல்ட்டில் 4800 என்பது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றது, ரேம் தயாரிப்பாளர் சேர்த்த வேகக் குறிப்பு. இன்டெல் 2007இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி, ஏஎம்டி 2022இல் கொண்டுவந்த எக்ஸ்போ இரண்டும் இந்த வகை. பெட்டியில் அச்சிட்ட 6000 இங்கிருந்துதான் வருகிறது.

நாமாகப் போய்த் தேர்ந்தெடுக்காதவரை மதர்போர்டு பொது வேகத்திலேயே நிற்கும். ரேம் தயாரிப்பாளர் 6000க்குத் தன் பலகையைச் சோதித்திருப்பார். உங்கள் பிராசசரும் மதர்போர்டும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் என்று அவர் உறுதி தர முடியாது. அதனால்தான் இன்டெல், ஏஎம்டி இரண்டுமே எக்ஸ்எம்பி, எக்ஸ்போ அமைப்புகளை ஓவர்கிளாக்கிங் கணக்கில் வைத்திருக்கின்றன.

6000 என்றால் ஒவ்வொரு தரவுத் தடத்திலும் நொடிக்கு 600 கோடி பரிமாற்றம். ஒரு பரிமாற்றத்துக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒளியே 5 சென்டிமீட்டர்தான் போகும். மதர்போர்டின் செப்புத் தடத்தில் மின்குறி அதிலும் பாதித் தூரம்தான் நகரும். ஆகவே ரேம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது, எத்தனை ரேம் இருக்கிறது, தடம் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் விளைவை மாற்றும். ரைசன் 7000 பிராசசருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம், 2 ரேம் இருந்தால் 5200. 4 ஸ்லாட்டையும் நிரப்பினால் 3600தான்.

புது டிடிஆர்5 ரேமைப் போட்டு முதன்முதலாக ஆன் செய்யும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருப்பதும் இதனால்தான். ஒவ்வொரு தடத்திலும் மின்குறி எந்தக் கணத்தில் வந்து சேர்கிறது என்று மதர்போர்டு அளந்து பழகிக்கொள்கிறது. கணினி செத்துவிட்டது என்று பதறி, பாதியில் சுவிட்சை அணைத்துவிடுகிறவர்கள் நிறைய.

பெரிய எண், பெரிய வேகமா?

ஜொகூர் பாலத்தில் எத்தனை தடம் என்பது ஒரு கணக்கு; ஒரு வண்டி இக்கரையிலிருந்து அக்கரை சேர எவ்வளவு நேரம் என்பது வேறு கணக்கு. ரேமிலும் இப்படித்தான். 6000 என்பது முதல் கணக்கு. இரண்டாவது கணக்குக்கு சிஎல் என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். சிஎல் எண்ணை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் காத்திருப்பு நேரம் நானோ நொடியில் கிடைக்கும். பழைய டிடிஆர்4 3200 சிஎல் 16க்கு 10 நானோ நொடி. புதிய டிடிஆர்5 6000 சிஎல் 30க்கும் அதே 10 நானோ நொடிதான்.

எண் ஏறினால் காத்திருப்பு கூடவும் செய்யலாம். ரைசன் 3000 வரிசையில் 3733 வரை நினைவகமும் அதன் கட்டுப்பாட்டகமும் ஒரே தாளத்தில் ஓடும். அதைத் தாண்டினால் கட்டுப்பாட்டகம் தானாகவே பாதித் தாளத்துக்கு இறங்கிவிடும். இன்டெலில் கியர் 1, கியர் 2 என்று பயாஸில் தெரிவதும் இதே விஷயம்.

எங்கே திணறுகிறது?

நொடிக்கு 60 படம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லி நொடி. 59 படம் நேரத்துக்கு வந்து, ஒன்று மட்டும் 60 மில்லி நொடி எடுத்தாலும் கண் பிடித்துவிடும். சராசரியில் அது தெரியாது.

இந்தத் திணறலுக்கு ரேமின் வேகம்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ரேம் நிரம்பி, விண்டோஸ் எஸ்எஸ்டியைத் துணைக்கு அழைக்கும்போது திணறும். ஒரே ரேம் இருந்தாலோ, இரண்டும் தவறான ஸ்லாட்டில் இருந்தாலோ பாதை பாதியாகிவிடும். பெரும்பாலான 4 ஸ்லாட் மதர்போர்டுகளில் பிராசசர் பக்கமிருந்து 2ஆவதும் 4ஆவதும்தான் சரியான இடம். வேகம் தாங்காத ரேமோ பெரும்பாலும் திணறாது. நிரல் தானாக மூடிக்கொள்ளும், நீலத்திரை வரும், கோப்பு சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

ரேமுக்குச் சம்பந்தமே இல்லாத காரணமும் உண்டு. ரைசன் கணினிகள் சில, அவ்வப்போது ஓரிரு நொடி உறைந்து நின்றன. பலர் ரேமைச் சந்தேகித்தார்கள். 2022 மார்ச்சில் ஏஎம்டி காரணத்தைச் சொன்னது: எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி, மதர்போர்டில் உள்ள மெதுவான ஃபிளாஷ் சில்லுடன் பேசி முடிக்கும்வரை கணினி காத்துக்கிடந்தது. தீர்வு பயாஸ் புதுப்பிப்பு. அதற்குள் புது ரேம் வாங்கியிருந்தால் அந்தப் பணம் வீண்தான்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். அடுத்து எக்ஸ்எம்பியை அல்லது எக்ஸ்போவை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் திணறினால் ரேம் வேகம் குற்றவாளி அல்ல, வேறு இடத்தில் தேடலாம். திணறல் நின்றுவிட்டால், 6000க்குப் பதில் 5600 வைத்துப் பாருங்கள். மின்னழுத்தத்தை மட்டும் கண்டபடி ஏற்றாதீர்கள். 2023இல் எக்ஸ்போவில் ஓடிய சில ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் கருகிப்போனதும், பிராசசரில் நினைவகக் கட்டுப்பாட்டகம் உள்ள பகுதிக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு ஏஎம்டி 1.3 வோல்ட் என்று வரம்பு கட்டியது.

பிறகு சோதனை. மெம்டெஸ்ட்86 நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, 4 சுற்று ஓட விடுங்கள். சிவப்பில் ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை என்றே கொள்ளுங்கள். ஒவ்வொரு ரேமாகக் கழற்றிச் சோதித்தால் எது என்று தெரிந்துவிடும். நம் ஊர் வெக்கையையும் கணக்கில் சேருங்கள். ரேமின் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கியில் தங்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால், டிடிஆர்5இல் 32 மில்லி நொடிக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும். சில்லின் சூடு 85 டிகிரியைத் தாண்டினால் 16 மில்லி நொடிக்குள். இரவில் ஏர்கோன் அறையில் தேறிய ரேம், பிற்பகல் சூட்டில், பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டு கொதிக்கும்போது தவறலாம். ஆகவே பிற்பகலிலும் ஒருமுறை சோதியுங்கள்.

இதைத் தேவையில்லாத வேலை என்று நினைக்காதீர்கள். நம் மூவார் நகரில் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ், மைக்ரான் ஆலைகள் செய்வது சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலை. கோவிட் காலத்தில், 2021 ஆகஸ்டில், எஸ்டி ஆலையின் பணி முடங்கியபோது ஐரோப்பியக் கார் தொழிற்சாலைகள் வரை பாதிப்பு எட்டியது. சோதனையில் தேறாத சில்லை எவரும் நம்பிப் பொருத்துவதில்லை.

தரவு மையங்களின் வழக்கத்தையும் பாருங்கள். கோடிக்கணக்கில் பணம் போட்ட அந்த சர்வர்களில் எக்ஸ்எம்பி ஓடுவதில்லை. ஜெடெக் வேகம்தான்; கூடவே பிழை திருத்தும் இசிசி ரேம். கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ரேம்களில் பிழை பதிவாகியிருந்தது. டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே ஒரு பிழை திருத்தி இருந்தாலும், சில்லுக்கும் பிராசசருக்கும் இடையே உள்ள பாதையில் நேரும் பிழையை அது பார்ப்பதில்லை. வேகத்தை ஏற்றினால் முதலில் தடுமாறுவது அந்தப் பாதைதான்.

5600க்கும் 6000க்கும் உள்ள வித்தியாசம் அன்றாட வேலையில் யாருக்கும் தெரியாது. பிள்ளையின் பட்டப்படிப்பு ஆய்வேட்டில் ஒரு பக்கம் கெட்டுப்போனால் வீட்டுக்கே தெரியும். சோதனையில் தேறிய வேகம் எதுவோ, அதுதான் உங்கள் ரேமின் வேகம்.