டிக்கெட் விலை பூஜ்யம், பஸ் எங்கே?

கர்நாடக அரசின் இலவசப் பயணம் பெண்களின் வேலை எல்லையை விரித்திருக்கிறது. ஆனால் கட்டணத்தை ஏற்றுக்கொண்டால் மட்டும் போதுமா?

ஜீவனஹள்ளியின் காலைப் பொழுது நடையில்தான் தொடங்குகிறது. பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டிய இந்தப் பகுதியின் நெருக்கமான தெருக்களிலிருந்து வீட்டு வேலைக்குப் பெண்கள் கிளம்புகிறார்கள். காக்ஸ் டவுன், குக் டவுன், ஃபிரேசர் டவுன் எல்லாமே நடந்து போகும் தூரம். வழியெங்கும் கன்னடத்தோடு தமிழும் காதில் விழுகிறது. 1809ல் ஆங்கிலேயர்கள் கண்டோன்மென்ட்டை அமைத்ததிலிருந்தே கிழக்குப் பெங்களூர் தமிழர்கள் வேலை தேடி வந்து தங்கிய இடம்.

ஒரு காலத்தில் வேலையும் பக்கத்திலேயே இருந்தது. ஐ.டி.சி.யின் சிகரெட் ஆலை கூப்பிடு தூரத்தில் இயங்கியது. ஆலை பிறகு நகருக்கு வெளியே போய்விட, அந்த வட்டாரத்தில் இன்று அலுவலகக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. பெண்களுக்கு வேலை தரும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பொம்மனஹள்ளி, பீன்யா, மைசூர் சாலை என்று நகரின் மறுகோடிகளில் இருக்கின்றன. துப்புரவு, கேன்டீன் வேலைகள் நாகவாராவின் மான்யதா வளாகத்திலும் ஒயிட்ஃபீல்டிலும் குவிந்து கிடக்கின்றன. வேலை நகர்ந்துவிட்டது. வேலைக்குப் போக வேண்டியவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

நடுவில் நின்றது பஸ் கட்டணம். பெங்களூர் மாநகர பஸ்ஸில் ஒரு டிக்கெட் ஒரு பஸ்ஸுக்குத்தான். சிவாஜிநகரில் இறங்கி வேறு பஸ் ஏறினால் மறுபடியும் காசு. மாதப் பாஸ் எடுக்கலாம்தான். சாதாரண பஸ்ஸுக்கு அதன் விலை 2025 ஜனவரிக்கு முன் 1,050 ரூபாய், அதன் பிறகு 1,200. மாதம் 12,000 ரூபாய் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு இது பத்தில் ஒரு பங்கு. அதுவும் மாதத் தொடக்கத்தில் மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். தூரத்து வேலையில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும் அது பஸ்ஸுக்கே சரியாகிவிடும். அதற்குப் பக்கத்து வீதியில் பாத்திரம் தேய்ப்பதே மேல் என்று எந்தப் பெண்ணும் கணக்குப் போட்டுவிடுவாள்.

இந்தக் கணக்கைத்தான் 2023 ஜூன் 11 அன்று முதல்வர் சித்தராமையா தொடங்கிவைத்த சக்தி திட்டம் மாற்றியது. காங்கிரஸ் ஆட்சியின் ஐந்து உத்தரவாதங்களில் முதலில் நடைமுறைக்கு வந்தது இதுதான். சாதாரண அரசு பஸ்களில் மாநிலத்துக்குள் எங்கே போனாலும் பெண்களுக்குக் கட்டணமில்லை. கண்டக்டர் பூஜ்ய டிக்கெட் ஒன்றைக் கிழித்துத் தருகிறார். அந்தப் பயணத்துக்கு உரிய கட்டணம் அரசின் கணக்கில் ஏறுகிறது. 2025 ஜூலையில் இத்தகைய பயணங்கள் 500 கோடியைத் தாண்டின. 2025-26 பட்ஜெட்டில் சக்திக்கு ஒதுக்கிய தொகை 5,300 கோடி ரூபாய்.

இலவசம் என்றதும் கோயில் சுற்றுலாதான் என்று கேலி பேசியவர்கள் உண்டு. தர்மஸ்தலா பஸ்களில் முதல் வாரங்களில் நெரிசல் அலைமோதியது உண்மையே. ஆனால் இந்தத் திட்டத்தின் பலனைப் பார்க்க வேண்டிய இடம் தர்மஸ்தலா அல்ல, சிவாஜிநகர் பஸ் நிலையம். இரண்டாவது பஸ்ஸுக்குக் காசு இல்லை என்றானதும் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள வேலையையும் விசாரித்துப் பார்க்க முடிகிறது. பிடிக்காத வீட்டு வேலையை விட்டுவிட்டு வேறிடம் தேடவும் துணிவு வருகிறது.

தமிழ்நாடு 2021 மே மாதமே இந்த வழியில் இறங்கியது. அங்கே மாநிலத் திட்டக்குழு நடத்திய ஆய்வில் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துவதாகத் தெரிந்தது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 2023 செப்டம்பர் 11 அன்று தனியார் பஸ், ஆட்டோ, டாக்சிக்காரர்கள் பெங்களூரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெண் பயணிகள் அரசு பஸ்ஸுக்குப் போய்விட்டதால் வருமானம் விழுந்தது என்பது அவர்களின் முக்கியப் புகார்களில் ஒன்று. மனைவி வேலைக்கு இலவசமாகப் போகிறாள், கணவன் ஓட்டும் ஆட்டோவுக்குச் சவாரி குறைகிறது. ஒரே வீட்டில் வரவும் செலவும்.

பெரிய சிக்கல் வேறு. அரசு ஏற்பது டிக்கெட் காசை. பஸ் வாங்குவதும் ஆள் சேர்ப்பதும் தனிக் கணக்கு. கட்டணத் தொகை அரசிடமிருந்து உரிய நேரத்தில் முழுதாக வந்தால் கழகங்கள் சமாளிக்கும். ஆனால் டீசல், வருங்கால வைப்பு நிதி பாக்கிகளைத் தீர்க்க அவை கடன் வாங்க வேண்டிய நிலை வந்தது. 2025 ஜனவரியில் கட்டணம் 15 சதவிகிதம் உயர்ந்தது. பூஜ்ய டிக்கெட்டின் மதிப்பும் அதோடு ஏறியதால் அரசின் பில்லும் பெருத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று சம்பள பாக்கி கேட்டு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மாநிலத்தின் பல இடங்களில் இலவசம் இருந்தது, பஸ் இல்லை.

மற்ற நாட்களிலும் இதே குறைதான், அளவு மட்டும் சிறியது. சுமார் 7,000 பஸ்களை நம்பி ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரம் இது. எட்டரை மணி வேலைக்கு ஏழு மணிக்கே கிளம்பியும் இணைப்பு பஸ் தவறினால் ஷேர் ஆட்டோதான். மிச்சம் பிடித்த காசு அங்கே கரைகிறது. மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பெங்களூருக்கு 4,500 மின்சார பஸ்கள் ஒதுக்குவதாக 2025ல் அறிவித்திருக்கிறார்கள். அவை பெரிய சாலைகளில் மட்டும் ஓடுமா, ஜீவனஹள்ளி போன்ற குறுகிய பகுதிகளின் ஓரத்துக்காவது வருமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தமிழர்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. சக்தி கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். கண்டக்டர் அடையாள அட்டையில் பார்ப்பது முகவரியை. பெங்களூரில் பல வருஷங்கள் வாழ்ந்தும் ரேஷன், சொந்த ஊர் வீடு என்று ஏதோ காரணத்துக்காக ஆதாரில் வாணியம்பாடி முகவரியையோ திருவண்ணாமலை முகவரியையோ மாற்றாமல் வைத்திருக்கும் பெண் காசு கொடுத்தே போக வேண்டும். சென்னையின் சாதாரணக் கட்டண பஸ்ஸில் எந்த ஊர்ப் பெண் ஏறினாலும் யாரும் அட்டை கேட்பதில்லை. ஜீவனஹள்ளியில் வாடகைக்கு இருப்பவர் முகவரி மாற்றப் போனால் வீட்டுக்காரரின் ஒப்பந்தப் பத்திரம் வேண்டும். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு வாய்வார்த்தையாகவே வீடு விட்டவர் அதை எழுதித் தர யோசிக்கிறார்.