மூவருக்கு எதிராக ஒருவர்: இது நியாயமான ஆட்டமா?

கயிறு இழுக்கும் போட்டி என்றால் இரு பக்கமும் ஆள் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் பொங்கல் ஒன்றுகூடலிலோ குடும்ப தினத்திலோ ஒரு பக்கம் மூவரையும் மறுபக்கம் ஒருவரையும் நிறுத்திப் பாருங்கள். கயிற்றைத் தொடும் முன்பே திடலில் வாக்குவாதம் தொடங்கிவிடும். ஆனால், பள்ளி விடுமுறையில் வீட்டுக் கூடத்தில் கூடும் பிள்ளைகள் தொலைக்காட்சித் திரையில் அப்படித்தான் இழுக்கிறார்கள். யாரும் புகார் சொல்வதில்லை. இது எப்படி?

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1998-ஆம் ஆண்டு வெளியிட்ட 'மாரியோ பார்ட்டி' என்ற வீடியோ விளையாட்டில் வரும் ஆட்டம் இது. இதனை உருவாக்கியது ஹட்சன் சாஃப்ட் நிறுவனம். நான்கு பேர் பகடை உருட்டி, தாயம் ஆடுவதைப் போலக் கட்டங்களில் நகர்வார்கள். நால்வரும் ஒரு சுற்று முடித்ததும் சிறு ஆட்டம் ஒன்று வரும். யார் எந்தப் பக்கம் என்பதை அவரவர் நின்ற கட்டத்தின் நிறம் தீர்மானிக்கும். நால்வரும் ஒரே நிறத்தில் நின்றால் அவரவர் தனித்தனி. இருவர் நீலம், இருவர் சிவப்பு என்றால் இரண்டு அணிகள். மூவர் ஒரு நிறத்திலும் ஒருவர் வேறு நிறத்திலும் நின்றால், அந்த ஒருவர் மூவரையும் எதிர்க்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. யாரைத் தனியாக விடுவது என்று பிள்ளைகள் முடிவு செய்வதில்லை. பகடை முடிவு செய்கிறது. இன்று தனியாக நின்றவன் அடுத்த சுற்றில் மூவரில் ஒருவனாவான். "என்னை மட்டும் ஒதுக்குகிறார்கள்" என்ற மனக்குறைக்கு அங்கே இடமில்லை.

நம் முன்னோர் அறிந்த கணக்கு

ஒருவர் பலரை எதிர்ப்பது நமக்குப் புதிதன்று. சடுகுடுவில் பாடிச் செல்பவர் தனி ஆள். எதிரே எழுவர். 1990-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி என்ற பெயரில் இடம்பெற்ற ஆட்டம் இதுதான். தனி ஆள் எழுவரையும் வீழ்த்த வேண்டியதில்லை. ஒருவரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினாலே புள்ளி கிடைத்துவிடும். எழுவருக்கோ அவரைப் பிடித்து நிறுத்தினால்தான் புள்ளி. பலம் சமமில்லை என்பதால் இலக்கை மாற்றி அமைத்தார்கள்.

ஆடு புலி ஆட்டத்திலும் இதே கணக்குதான். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி தாவி வெட்டலாம். ஆட்டுக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் ஆடுகள் ஒன்றுசேர்ந்து புலியை நகர விடாமல் அடைக்கலாம். மலாய்க்காரர்களின் 'ரிமாவ்' ஆட்டமும் இதே இனத்தைச் சேர்ந்தது. ஒற்றைப் புலியை ஒரு கூட்டமே சூழ்ந்து அடைக்க முயலும்.

ஆக, ஆள் எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டாலும் ஆட்டம் சமமாக இருக்க முடியும். எண்ணிக்கையில் குறைந்தவருக்கு விதி கை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

விதி தவறினால் கை புண்ணாகும்

மாரியோ பார்ட்டியின் கயிறு இழுக்கும் ஆட்டத்தில் தனி ஆள் 'பவுசர்' என்ற அரக்கனின் உடையை அணிந்திருப்பார். பார்க்கும்போதே அவர் மூவருக்கு ஈடானவர் என்று தெரிந்துவிடும். ஆனால் இழுக்கும் முறையில்தான் கோளாறு இருந்தது. கைப்பிடியின் நடுவே உள்ள சிறு குச்சியை வேகமாகச் சுற்ற வேண்டும். எவ்வளவு வேகமோ அவ்வளவு இழுவை.

விரலால் சுற்றினால் வேகம் போதாது. எனவே பிள்ளைகள் உள்ளங்கையைக் குச்சியின் மேல் அழுத்தி வைத்துச் சுற்றினார்கள். கடினமான பிளாஸ்டிக் தோலில் உராய்ந்து கொப்புளமும் காயமும் வந்தன. அமெரிக்காவில் பெற்றோர்கள் புகார் செய்தார்கள். நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் தலையிட்டது. 2000-ஆம் ஆண்டு, இந்த விளையாட்டை வாங்கியவர்களுக்குப் பாதுகாப்புக் கையுறை வழங்க நிண்டெண்டோ ஒப்புக்கொண்டது.

அடுத்து வந்த பாகங்களில் குச்சியைச் சுற்றும் ஆட்டங்கள் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டன. 2021-ஆம் ஆண்டு 'ஸ்விட்ச்' கருவிக்கு வெளிவந்த 'மாரியோ பார்ட்டி சூப்பர்ஸ்டார்ஸ்' தொகுப்பில் அதே கயிறு இழுக்கும் ஆட்டம் திரும்பி வந்தது. உள்ளங்கையால் சுற்ற வேண்டாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது.  ஆட்டத்தின் ஆவலில் பிள்ளைகள் அதைத் தாண்டிச் சென்றுவிடுவார்கள். அதனைப் படித்துச் சொல்லும் கடமை பெரியவர்களுடையது.

பெற்றோர் கவனத்திற்கு

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து குச்சியைப் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை சிவந்தால் அன்றைக்கு அந்த ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். வேறு சிறு ஆட்டங்கள் எத்தனையோ உள்ளன.

மனக் காயத்தையும் மறந்துவிட வேண்டாம். மூவர் தோற்றால் தோல்வியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். "நீ சரியாக இழுக்கவில்லை" என்று பக்கத்தில் இருப்பவனைச் சொல்லலாம். தனியாகத் தோற்ற பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. மூவரும் சேர்ந்து கேலி செய்யும்போது ஆறு வயதுத் தம்பியின் முகம் வாடுவதை, பக்கத்து அறையில் இருக்கும் அப்பா அம்மாவால் பார்க்க முடியாது. பிள்ளைகளோடு பெரியவர் ஒருவரும் உட்கார்ந்து ஆடினால், அந்தக் கேலி எல்லை மீறாது. தனியாக நின்று வென்ற தம்பியை முதலில் பாராட்டும் பழக்கத்தை அக்காவுக்கும் அண்ணனுக்கும் அங்கேயே கற்றுக் கொடுக்கலாம்.

வீடியோ விளையாட்டு என்றாலே பொழுதைக் கெடுப்பது என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பலம் குறைந்தவனுக்கு விதி துணை நிற்க வேண்டும் என்ற பாடம் சடுகுடுத் திடலில் இருக்கிறது, ஆடு புலிக் கட்டத்தில் இருக்கிறது, இந்தத் திரையிலும் இருக்கிறது. அந்தப் பாடம் பிள்ளைகளின் மனத்தில் பதிய வேண்டுமானால், நான்கு பிள்ளைகளுக்கு நடுவே ஐந்தாவதாக ஒரு பெரியவர் உட்கார வேண்டும்.