பேசியே சட்டத்தை நிறுத்த முடியுமா?

அமெரிக்க செனட்டில் 1957-ல் ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற உறுப்பினர், கறுப்பின மக்களின் உரிமை மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் விடாமல் பேசினார். இப்படி விவாதத்தை இழுத்தடித்து ஓட்டெடுப்பைத் தடுக்கப் பார்ப்பதற்கு ‘ஃபிலிபஸ்டர்’ என்று பெயர். இன்று அவ்வளவு பேச வேண்டியதுகூட இல்லை. விவாதத்தை முடிக்க 100 உறுப்பினர்களில் 60 பேர் சம்மதிக்க வேண்டும். 41 பேர் மறுத்தாலே பெரும்பாலான மசோதாக்கள் அப்படியே நின்றுவிடும்.

நம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் இது நடக்குமா?

நடக்காது. எந்த அலுவலுக்கு எத்தனை நாள் என்பதை அலுவல் ஆய்வுக் குழு முன்கூட்டியே முடிவு செய்கிறது. பேச்சு நீண்டால் பேரவைத் தலைவர் நிறுத்தச் சொல்வார். ஓட்டுப் போடுபவர்களில் பாதிக்கு மேல் ஆதரித்தால் மசோதா நிறைவேறிவிடும்.

நாடாளுமன்றத்தில் இதற்கு நெருக்கமாக ஒன்று நடந்தது. 2011 டிசம்பர் 29 அன்று மாநிலங்களவையில் லோக்பால் மசோதா மீதான விவாதம் நள்ளிரவு வரை நீண்டது. ஓட்டெடுப்பு நடக்காமலே அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. அந்த மசோதா நிறைவேற 2013 டிசம்பர் ஆகிவிட்டது.

அப்படியானால் எதிர்க்கட்சி என்ன செய்யும்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரை மணலூர்பேட்டையில் இருக்கும் எங்களுக்கு இதை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது ஜூன் 20 முதல் 29 வரை மானியக் கோரிக்கைகளுக்காகச் சட்டமன்றம் கூடியிருந்தது. கேள்வி நேரத்தை ஒத்திவைத்து இதை விவாதிக்க வேண்டும் என்றது அ.தி.மு.க. கேள்வி நேரம் முடிந்த பிறகு பேசலாம் என்றார் பேரவைத் தலைவர். கோஷம், அமளி, வெளியேற்றம் எனச் சில நாள் போனது. ஜூன் 26 அன்று அக்கட்சி உறுப்பினர்கள் கூட்டத்தொடர் முடியும் வரை இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கள்ளச்சாராயச் சாவுக்கு ஆயுள் சிறை வரை தண்டனை தரும் மதுவிலக்குத் திருத்த மசோதா 29 அன்று நிறைவேறியது. எங்கள் மாவட்டத்துச் சாவுகளால் வந்த சட்டம் அது. பிரதான எதிர்க்கட்சி அப்போது அவையில் இல்லை.

அமெரிக்காவில் ஃபிலிபஸ்டர் ஒழியுமா?

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துதான் வருகிறது. பெரும்பாலான பதவி நியமனங்களுக்கு 2013-லும், உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனத்துக்கு 2017-லும் 60 ஓட்டு நிபந்தனை போனது. மசோதாக்களுக்கு இன்னும் இருக்கிறது. வாக்குரிமை மசோதாவுக்காக அதைத் தளர்த்தும் முயற்சி 2022 ஜனவரியில் 52-48 எனத் தோற்றது. 2025-ல் அதிபர் டிரம்ப் அதை ஒழிக்கச் சொல்லியும் அவர் கட்சியின் செனட் தலைவரே இணங்கவில்லை. அடுத்த தேர்தலில் நாம் சிறுபான்மை ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் இரு கட்சிக்கும் உண்டு. அதனால் அது சீக்கிரம் ஒழியும் என்று தோன்றவில்லை.

என்னைக் கேட்டால், பெரும்பான்மை கொண்டுவரும் மசோதாவை 41 பேர் முடக்குவது நியாயமில்லை. எதிர்க்கட்சிக்குக் கோஷத்தைத் தவிர வழியே இல்லாமல் இருப்பதும் நியாயமில்லை. பிரிட்டிஷ் மக்களவையில் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் 20 நாள்கள் எதிர்க்கட்சிகளுக்கு உரியவை. அன்று எதைப் பேசுவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். ஓட்டெடுப்பை அது தடுப்பதில்லை. அப்படிச் சில நாள்களை நம் பேரவை விதிகளிலும் எழுதி வைக்க வேண்டும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அந்த நாள்களைப் பறிக்க முடியாதபடி எழுத வேண்டும்.